வடிகட்டி டாக்டரும் என் இடது காலும்

பிள்ளைகளே, இந்த உலகத்தில் தண்ணீரை நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் வடிகட்டி டாக்டர். திருடனை நம்பாதவர்கள் உண்டு. மாமியாரை நம்பாதவர்கள் உண்டு. மேகத்தை நம்பாதவர்கள் எங்கள் கரிசல் காட்டில் வீட்டுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் தண்ணீரைச் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். மழை பெய்தால்கூட அண்ணாந்து பார்த்து, இவ்வளவையும் எந்தத் துணியில் வடிகட்டுவது என்று கவலைப்படுகிற ஆள்.

மில் குடியிருப்புக் குழாயில் நான் துணி கட்டித் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விஷயம் தெரிந்துகொண்டு சிரியுங்கள். என் இடது முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பற்றிச் சின்னவன் கேட்டபோது, நாய் கடித்தது என்று சொன்னேன். அது பொய். அந்த நாயிடம் இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நயா பைசா புதிதாக வந்து, கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. எட்டயபுரம் தாண்டிப் புதூர் போகிற பாதையில் எங்கள் ஊர். மேலத்தெரு, தெக்குத்தெரு என்று இரண்டே தெரு. மேலத்தெருவில் கட்டுக்கிணறு. அதற்குச் சுற்றுச்சுவர் உண்டு, கயிறு ஓடக் கப்பி உண்டு, தேங்காய்நார்க் கயிறு உண்டு. அதில் நாங்கள் இறைக்கக்கூடாது. ஏன் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே பதில் தெரிந்த கேள்வி அது. எங்களுக்கு இருந்தது படிக்கிணறு. இருபது படி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, குடத்தை அமுக்கி எடுத்துக்கொண்டு ஏறவேண்டும்.

பங்குனி பிறந்தால் எங்கள் தெருவுக்கு ஒரு விருந்தாளி வருவார். நரம்புச் சிலந்தி என்று பெயர். காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். தீக்கங்கை வைத்துக் கட்டினதுபோல எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். தலைதான் வெளியே. மிச்சம் இரண்டு முழம் காலுக்குள்ளே சுருண்டு கிடக்கும். எரிச்சலுக்கு நாங்கள் செய்துவந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. படிக்கிணற்றில் இறங்கி, காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்பது. குளுகுளுவென்று இருக்கும். பக்கத்திலேயே ஒருத்தி குடத்தை அமுக்கிக்கொண்டிருப்பாள். கிணறு சிலந்தியை இழுத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். கிணறு இழுத்துக்கொண்டது வாஸ்தவம்தான். அதை மறுபடி குடத்தில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே அனுப்பியது என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அந்தப் பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் பத்துப்பேரும், அவர்களுக்குப் பாடம் சொல்லுகிற பெரிய டாக்டரும் இறங்கினார்கள். பதினாலு நாள் இங்கேயே தங்கிப் படிக்கப்போகிறார்கள் என்றார்கள். புத்தகத்தை அல்ல, எங்களை. பெரிய டாக்டர் அவர்களை வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு பாடம் சொன்னார்.

"யாருக்கு நோய் வருது, யாருக்கு வரலை, ஏன். இந்த மூணையும் நோட்டில் எழுதுங்க. மருந்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பிறகு, யாருக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். ஒன்பது பேர் முந்திக்கொண்டு மேலத்தெரு, பள்ளிக்கூடம், சாவடி என்று எடுத்துக்கொண்டார்கள். பத்தாவது ஆள் கமலைக் கம்பு மாதிரி நெடுநெடுவென்று இருந்தார். எங்கள் தெருவை அவர் நியாயத்துக்காகத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் கையைத் தூக்கினபோது அவர் குனிந்து, பள்ளிக்கூடப் பானைத் தண்ணீரைத் தன் கைக்குட்டைமேல் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மிச்சம் இருந்தது தெக்குத்தெரு.

அவர் பேனா நோட்டுக்குள் செருகியிருக்கும், சட்டைப்பையில் இருக்காது. நாலாக மடித்த வேட்டித்துணித் துண்டுகள்தான் இருக்கும். கடையில் காப்பி கொடுத்தால் இன்னொரு டம்ளர் கேட்டு அதில் வடிகட்டுவார். மோரை வடிகட்டுவார். பதநீரை வடிகட்டுவார். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் பானகம் கொடுத்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முழத் துணியை விரித்து அதையும் வடிகட்டினார். கடம்பூர் போளி ஒன்றைத்தான் அப்படியே தின்றார். அதையும் முதலில் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் ஆள் தெரியாது.

இரண்டாம் நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, குடத்துத் தண்ணீரைத் துணியில் ஊற்றி, அந்தத் துணியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து உங்கம்மாவைப் பார்க்கச் சொன்னார். பொடிப்பொடியாக என்னமோ துள்ளிக்கொண்டிருந்தது. இதற்குள்ளேதான் சிலந்திக் குஞ்சு இருக்கிறது, இதைக் குடித்தால் அடுத்த வருஷம் காலில் வரும் என்றார். உங்கம்மா கண்ணாடியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இத்தன வருசமும் வெறுங்கஞ்சின்னு நெனச்சில்லா குடிச்சோம். கறியும் சேந்துதான் இருந்துருக்கு."

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் புதன்கிழமை, என் காலில் கொப்புளம் உடைந்தது.

சிலந்தி எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வருஷம் அது வரக்கூடாத வருஷம். கோவில்பட்டி மில் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு மேஸ்திரி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் புதனுக்கு மறுவாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் மில் வாசலில் நிற்கவேண்டும். மில் டாக்டர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொல்லி, ஒவ்வொருவனையும் நடக்கவிட்டுப் பார்ப்பாராம். புண் இருந்தால் வீட்டுக்கு. நொண்டினால் வீட்டுக்கு. உங்கம்மா அப்போது பெரியவனைச் சுமந்துகொண்டிருந்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது படி ஏறி இறங்குவாள். அந்தக் கிணற்றை விட்டு அவளைக் கூட்டிக்கொண்டுபோக எனக்குத் தெரிந்த வழி மில் ஒன்றுதான். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

டாக்டர் வந்து காலைப் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அடிக்கலாம்போல இருந்தது. புதையல் கண்டவன்போல இருந்தார்.

உங்கம்மா வீட்டில் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. மூலையில் கழிவுக் குச்சி கிடக்கும். அதில் மருந்து முக்காத குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி, கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, வெளியே நீட்டியிருந்த தலையை அதில் ஒரு சுற்றுச் சுற்றினார். ராட்டில் நூல் சுற்றுவதுபோலத்தான். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை. மிஞ்சினால் மூன்று. பிறகு குச்சியைக் காலோடு வைத்துத் துணியால் கட்டிவிட்டு, மறுநாள் வந்து மறுபடி சுற்றுவார். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தது உள்ளே போய்ச் சீழ் பிடித்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எங்கள் மாசிலாமணிச் சித்தப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் பருத்தி எடுப்புக்குப் போகிற அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தவர். ஆறு மாசம் படுத்துக் கிடந்தார். எழுந்தபோது முழங்கால் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. தொடையில் ஒரு கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். காட்டு வேலை போயிற்று. எங்கள் வேதக்கோயிலில் மணி அடிக்கிற வேலையை மட்டும் சபை அவருக்குக் கொடுத்திருந்தது.

வடிகட்டி டாக்டர் மதராஸ்காரர். எங்கள் பேச்சைப் பிடித்துக்கொள்ள ஆசை. பெரியவர்களை நாங்கள் 'அவிய' என்று மரியாதையாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதை எங்கே வைக்கிறது என்று தெரியாமல் கொண்டுபோய்ச் சிலந்திக்கு வைத்துவிட்டார்.

"அவிய இன்னைக்கு ரெண்டு விரக்கடை வந்திருக்காவ, அண்ணாச்சி. நாளைக்கும் வாரேன்னு சொல்லியிருக்காவ."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க, சார். எனக்கு மில்லுக்குப் போகணும்."

"ஒரு வருசம் உங்க வீட்டுல இருந்தவிய. கழுத்தப் புடிச்சா தள்ளுவாங்க? மரியாதையா அனுப்பணும்."

இதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கமாட்டார். உங்கம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளுவாள். நான் மனதுக்குள் விரலை மடக்கிக்கொண்டிருப்பேன். இரண்டு முழச் சிலந்தி, நாளைக்கு இரண்டு விரற்கடை, பன்னிரண்டு நாள். எந்தப் பக்கமிருந்து மடக்கினாலும் பொருந்தவில்லை.

சனிக்கிழமை உச்சிவெயிலில் எரிச்சல் தாங்க முடியவில்லை. ஊரே அடுப்புக்கல் மாதிரிக் கொதித்துக் கிடந்தது. கரிசல் வெடிப்பு ஒவ்வொன்றும் கால் நுழைகிற அகலம். நான் நொண்டிக்கொண்டே படிக்கிணற்றுக்குப் போனேன். அங்கே முதல் படியில் டாக்டர் குறுக்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளியும் கயிறும். முந்தின நாளிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். யாரையும் இறங்கவிடுவதில்லை. குடத்தோடு வருகிற ஒவ்வொருத்திக்கும் அவரே மேலே நின்று வாளியை விட்டு இறைத்து ஊற்றுகிறார். பேனாவையும் துணியையும் தவிர வேறொன்றும் பிடிக்காத கை, தோல் உரிந்து போயிருந்தது. பெண்கள் சும்மா விடுவார்களா. எங்க வீட்டு எருமைக்கும் ரெண்டு வாளி ஊத்துங்க டாக்டரே, பொண்ணு கேட்டு எங்க தெருவுக்கே வாங்க என்று வரிசையில் நின்று கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"ஒதுங்குங்க, சார். ஒரு நிமிசம் கால வச்சிட்டு வந்துருதேன்."

"முடியாது, அண்ணாச்சி."

"எரியுது."

"தெரியும். உங்க கால் உள்ள இறங்கினா, அடுத்த பங்குனிக்கு இவிய வீட்டுலயெல்லாம் எரியும்."

வரிசையில் சிரிப்பு நின்றது. நான் கையை ஓங்கிவிட்டேன். பிள்ளைகளே, என் ஆயுசில் நான் படித்தவர் ஒருவர்மேல் கை ஓங்கினது அந்த ஒரு தடவைதான். அவர் அசையவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். அடி விழும் என்று முடிவு செய்துவிட்டு நிற்கிறார் என்று தெரிந்ததும் என் கை தானாக இறங்கிவிட்டது. வாய் இறங்கவில்லை.

"அப்பம் எங்கன போயி நனைக்க? மேலத்தெருக் கிணத்துத் தண்ணியிலயா? விடுவாவளா? கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். எங்களில் ஒருவனாக இருந்தால் அது கேள்வி இல்லை என்று தெரிந்திருக்கும். அவருக்குக் கேள்வி என்றால் பதில் வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக மேலத்தெருவுக்கு நடந்தார். வேண்டாம் என்று பின்னாலேயே இரண்டு பேர் ஓடினார்கள். தெரு எல்லையோடு நின்றுவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்கே நடந்தது பிறகு தெரிந்தது. கப்பியில் கயிற்றை விட்டு வாளி நிறைய இறைத்துவிட்டார். டாக்டர் பிள்ளைதானே, குளிக்கக் கொண்டுபோகிறார் என்று அவர்களும் பேசாமல்தான் இருந்திருக்கிறார்கள். கிராம முன்சீப் மட்டும் ஒரு பேச்சுக்கு, யாருக்குத் தம்பி தண்ணீர் என்று கேட்டிருக்கிறார். எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் வடிகட்டுகிற மனிதருக்கு வார்த்தையை வடிகட்டத் தெரியவில்லை.

"தெக்குத்தெரு ஞானமுத்து காலுக்கு" என்று என் பெயரையே சொன்னாராம்.

வாளியை வாங்கிக் கவிழ்த்துவிட்டார்கள். வெறும் வாளியோடு திரும்பி வந்தார். எங்கள் கிணற்றிலேயே இறைத்து, என்னைக் கிணற்றிலிருந்து தள்ளி உடைமரத்துக்குக் கீழே உட்காரவைத்து, வாளி வாளியாகக் காலில் ஊற்றினார். வெயில் சாயும்வரைக்கும் ஊற்றினார். எரிச்சல் தணிந்தது. பயம் அப்போதுதான் ஆரம்பித்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சேதி வந்துவிட்டது. முன்சீப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெரிய டாக்டரிடம் கோபமே இல்லாமல் பேசினாராம். ஊசி போடுங்கள், மாத்திரை கொடுங்கள், ஊர் வழக்கத்துக்கு மருந்து போடாதீர்கள் என்றாராம். எங்களுக்கு வேறு சேதி. இந்த வருஷம் மிச்சப் பருத்தி எடுக்க வெளியூர் ஆளைக் கொண்டுவரலாமா என்று மேலத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்று தலையாரி வந்து காதில் போட்டுவிட்டுப் போனார். தெருவில் அன்றைக்கு எல்லோரும் என் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சாயங்காலம் டாக்டர் குச்சி சுற்ற வந்தார். உங்கம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"டாக்டர் தம்பி, நீங்க நல்லவிய. நான் இல்லங்கல. ஆனா பதினாலாம் நாளு நீங்க வண்டியேறிப் போயிருவீய. நாங்க இங்கனதான் கெடக்கணும். நீங்க தூக்கிட்டுப் போன வாளிக்கு எங்க தெருவுல அடுப்பு அணையுது. இதையும் உங்க நோட்டுல எழுதுங்க."

அவர் நோட்டை எடுக்கவில்லை. முதல் தடவையாக அவருடைய கை சும்மா தொங்கிக்கொண்டு இருந்தது. அந்த நெடிய உடம்பு குறுகிப்போய் நின்றது. பிறகு கேட்டார்.

"நான் என்ன செய்யணும், அக்கா?"

உங்கம்மா யோசிக்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தினமும் இருபது படி ஏறுகிறவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது.

"அவிய கிணறு எங்களுக்கு வேண்டாம். எங்க கிணத்த எங்களுக்குச் சரிபண்ணிக் குடுங்க. படி இருக்கப்போயிதான எறங்குதோம்? படிய அடச்சிப் போடுங்க."

பிள்ளைகளே, உலகத்தில் பெரிய பெரிய வைத்தியம் எல்லாம் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் தெரு வைத்தியத்தைக் கண்டுபிடித்தது உங்கம்மா. இன்றைக்கும் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். சும்மா கோபத்தில் சொன்னேன் என்பாள்.

டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அங்கே பெரிய டாக்டர் முன்னால் நோட்டைத் திறந்துவைத்து வாசித்தாராம். தெக்குத்தெருவில் நோய், காரணம் படி. மேலத்தெருவில் நோய் இல்லை, காரணம் கப்பி. மருந்து எழுதவேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அங்கே அப்போதுதான் எழுதினார்: படியை அடைக்கவேண்டும், சொன்னவர் ஞானமுத்துவின் மனைவி. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பத்துப்பேரும் நாளைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெக்குத்தெருவுக்குப் போங்கள் என்றாராம். அப்படியே முன்சீப் வீட்டுக்கும் நடந்தார். ஊர்க் கிணற்றுப் பக்கம் பிள்ளைகள் வரமாட்டார்கள், தெக்குத்தெருக் கிணற்றில் மட்டும் வேலை செய்துகொள்கிறோம் என்று சொன்னார். முன்சீப்புக்கு அதில் மறுக்க ஒன்றுமில்லை. பருத்தி எடுப்பும் எங்களுக்கே கிடைத்தது.

அந்த வாரம் முழுவதும் கல் சுமந்தார்கள். டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் கல் சுமக்கிற அழகைப் பார்க்க மேலத்தெருவிலிருந்தே ஆட்கள் வந்து தூரத்தில் நின்றார்கள். எங்கள் தெரு ஆண்கள் ஒரு கல்லைத் தூக்குகிற இடத்தில் மூன்று பேர் சேர்ந்து, பிரசவம் பார்க்கிற மாதிரித் தாங்கிக்கொண்டு வருவார்கள். வடிகட்டி டாக்டர் இறக்கிவைத்த கல்லை எல்லாம் இரண்டாம் தடவை நகர்த்தவேண்டியிருந்தது. படிகளை அடைத்து, வாயைச் சுற்றிச் சுவர் எழுப்பி, குறுக்கே பனந்தடி போட்டாயிற்று. கப்பி இல்லை.

ஊரில் இரண்டே கப்பி. ஒன்று மேலத்தெருக் கிணற்றில். இன்னொன்று எங்கள் வேதக்கோயில் மணியில்.  மாசிலாமணிச் சித்தப்பா தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடந்துபோய், மணியிலிருந்து கப்பியைக் கழற்றிக் கொண்டுவந்து டாக்டர் கையில் வைத்தார்.

"மணிய நான் கையால அடிச்சிக்கிடுதேன். ஆண்டவருக்குக் கேக்கும்."

முதல் வாளியை உங்கம்மா இறைத்தாள். டாக்டர் அதைக் கையில் வாங்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து வடிகட்டினார். புதுக்கிணறு என்று சலுகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினாலாம் நாள். என் குச்சியில் முக்கால் பாகம் சுற்றியிருந்தது. கால் பாகம் இன்னும் உள்ளே. மறுநாள் மில்.

மத்தியானம் வேன் பள்ளிக்கூட வாசலில் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தெருவே அவர்களை வழியனுப்பப் போயிருந்தது. நான் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டத்தில் தனியாக உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். குச்சியை இரண்டு விரலால் பிடித்தேன். அறுகிறது எல்லோருக்குமா அறுகிறது? நாலில் ஒருவருக்கு அறாமலும் வந்திருக்கிறது. வந்துவிட்டால் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் நடந்துவிடலாம். புண்ணை என்ன சொல்லி மறைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். நாய் கடித்தது என்று சொல்லலாம். அந்தப் பொய் அன்றைக்கே தயாரானதுதான். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுக்க ஆரம்பித்தேன். உள்ளே எங்கேயோ, கெண்டைக்கால் ஆழத்தில், ஒரு நரம்பு விண்ணென்று இறுகினது.

கண்ணைத் திறந்தால் எதிரே வடிகட்டி டாக்டர். தோளில் பை. காலில் பூட்ஸ். கடைசித் தடவையாகக் குச்சி சுற்ற வந்திருக்கிறார்.

அவர் கத்தவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. பிடித்திருந்தால் அந்த இழுப்பிலேயே அறுந்திருக்கும். அது அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு மில்லு, சார்" என்றேன்.

"தெரியும், அண்ணாச்சி. புதன்கிழமை எனக்குப் பரீட்சை."

வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் குச்சியை விடவில்லை.

"நீங்க இழுக்கறதா இருந்தா நான் இப்பவே போயிருதேன். அதைப் பாக்க என்னால முடியாது. நீங்க விட்டா, நான் இருக்கேன். அவிய முழுசா வர்ற வரைக்கும்."

"பரீட்சை?"

"மில்லு?"

மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக. அவர் என் கையையே பார்த்துக்கொண்டு, குனியாமல், ஒரு காலால் மறுகாலின் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று கழன்று ஆட்டுப் புழுக்கைமேல் விழுந்தது. மறுகாலில் கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இழுக்கிறார், அது வரமாட்டேன் என்கிறது. எனக்கு உயிர் போகிற நேரம், இவர் கொக்கு மாதிரிக் குதித்துக்கொண்டிருக்கிறார். என்னையும் மீறிச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் விரல் தளர்ந்தது. குச்சி காலில் சாய்ந்தது. அறவில்லை.

அவர் அப்படியே ஒற்றைப் பூட்ஸோடு உட்கார்ந்து, இரண்டு விரற்கடை சுற்றி, கட்டுப் போட்டார்.  வேன் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மில்லில் இப்போது வரிசை நிற்கும், இப்போது நடக்கவிடுவார்கள், இப்போது கதவைச் சாத்துவார்கள் என்று எனக்கு வெயிலைப் பார்த்தே தெரிந்தது. புதன்கிழமை அவர் அதேபோல வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு உங்கம்மா அவருக்கு மட்டும் சோறு பொங்கிப் போட்டாள். ரசத்தை வடிகட்டித்தான் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை, சுற்றிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். வால் வெளியே வந்துவிட்டது. முழுசாக. டாக்டர் எழுந்து நின்றார். பெரியவர்களை வழியனுப்புகிறவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன், போயிருங்க" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் நான் முதல்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். அதன்பிறகு புண் ஆற ஒரு மாசம் ஆயிற்று. கால் மடங்கவில்லை.

அவரைப் பரீட்சைக்கு உட்காராததற்காக ஆறு மாசம் மறுபடி படிக்கவைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னை மில்லில் அடுத்த வருஷம்தான் எடுத்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான் நடந்த நடையை உங்கம்மா பார்த்திருக்கவேண்டும். மில் டாக்டரே போதும், நிறுத்து என்று சொல்லும்வரை நடந்தேன்.

எங்கேயோ வடக்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இப்போது வடிகட்டி டாக்டர் இருக்கிறார். பங்குனி பிறந்ததும் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்துவிடும். படி அடைத்தபடியே இருக்கிறதா, தெருவில் யாருக்காவது வந்ததா என்று இரண்டே கேள்வி. சுகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஊருக்குப் போய், வீடு வீடாகப் பார்த்து, கிணற்றையும் பார்த்துவிட்டு வந்துதான் பதில் போடுவேன். முதல் இரண்டு வருஷம், இன்னும் ஒருசிலருக்கு வந்தது என்று எழுதும்போது கை கூசும். அப்புறம் கூசவில்லை.

இந்தப் பங்குனிக் கார்டுக்குப் பதிலை நேற்றுத்தான் எழுதித் தபாலில் போட்டேன். பெரியவன் எட்டிப் பார்த்து, என்னப்பா இவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டான். அவருக்கு அவ்வளவு போதும்.

"சுவர் அப்படியே நிற்கிறது. கப்பிக்கு எண்ணெய் போட்டிருக்கிறோம். என் கால் நேராக இருக்கிறது. அவிய யாரும் இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. நீங்களாவது ஒருதடவை வாங்க."